சலாலாவுக்குப் போன கட்டைவிரல்

சரல்விளைப் பெண்களின் கட்டைவிரல்கள் ஒவ்வொன்றாக வெளிநாடு போன அந்த வருடத்தில், முதலில் போனது என் அம்மா லில்லிபாயின் வலது கட்டைவிரல்தான். அது போனது ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஏத்தங்காய் சீவிக்கொண்டிருந்தபோது, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல், முழு விரலாக அல்ல, நுனியில் ஒரே ஒரு சீவலாக.

சீவுகட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு சாண் நீளப் பலகை, நடுவில் சாய்வாகப் பதித்த ஒரு தகடு. காயை மேலே வைத்துத் தள்ளினால் கீழே வட்டம் வட்டமாக விழும். நாகர்கோவில் பொருட்காட்சியில் கழுத்தில் மைக்கைத் தொங்கவிட்ட ஒருவன், "அம்மாமாரே, அக்காமாரே, ஒரே தள்ளு!" என்று கூவிக்கொண்டு ஒரு கேரட்டைக் கண்ணெதிரே காகிதமாக்கிக் காட்டியதைப் பார்த்து, எங்கள் ஊர்ப் பெண்கள் பதினேழு பேர் ஒரே சாயங்காலத்தில் ஆளுக்கொன்று வாங்கி வந்தார்கள். அதனோடு முள் வைத்த ஒரு பிடியும் வரும். காயை அந்த முள்ளில் குத்திப் பிடியைப் பிடித்துத் தள்ளினால் விரல் தகட்டின் பக்கமே போகாது. அந்தப் பிடியை ஒருத்தியும் தொடவில்லை, ஏனென்றால் பிடி வைத்துச் சீவினால் கடைசி அரை இஞ்சுக் காய் முள்ளிலேயே நின்றுவிடும், அரை இஞ்சுக் காயை வீணாக்குவது எங்கள் ஊரில் பாவம். அடுத்த வீட்டு ரோஸ்லெட் அத்தை பிடியை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, சாமான் கெடாமல் இருக்கட்டும் என்று பீரோவுக்கு மேல் ஏற்றினாள். அம்மா அதைக் குளியலறையில் கவிழ்த்து, முள்ளின் மேல் சோப்பு வைத்தாள். சோப்பு கரையாமல் நன்றாகக் காய்கிறதாம். அரை இஞ்சு ஏத்தங்காயைக் காப்பாற்ற விரலைப் பணயம் வைக்கிற இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டேன். "நீ படிச்சது உன்னோட இருக்கட்டு" என்றாள்.

நான் படிப்பது திருநெல்வேலியில், விடுதியில் தங்கி, முதுகலை குற்றவியல். சாட்சி, தடயம், வாக்குமூலம் என்று பேசிப் பேசி வாய் நீண்டுவிட்டதாக ஊரில் பெயர். அன்றைக்கு மத்தியானம் நான் பஸ் ஏற வேண்டும். எனக்குக் கொடுத்தனுப்பத்தான் அம்மா அந்த நேந்திரங்காயை எண்ணெயில் பொரித்து வத்தல் போட்டுக்கொண்டிருந்தாள். காய் நான்கு விரல் அளவாகி, இரண்டு விரல் அளவாகி, அவள் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு துண்டாக நின்றது.

"போதும்மா, அதத் தூரப் போடு."

"இது இருந்தா ரெண்டு வத்தல் கூடும்" என்று சொல்லித் தள்ளினாள்.

ரத்தம் வரவில்லை. விரல்நுனியின் சீவல் கீழே தட்டில் விழாமல் மேலே எழும்பியது. வெங்காயச் சருகைப் போல மெல்லிசாக, உள்ளே ரேகைகள் சுழி சுழியாகத் தெரிய, கொதிக்கிற எண்ணெயின் ஆவியில் ஒரு கணம் நின்றது. பிறகு ஜன்னல் கம்பிக்கு நடுவே புகுந்து, பலாமரத்துக்கு மேலே ஏறி, நேரே மேற்கே போனது. அம்மா விரலைத் திருப்பிப் பார்த்தாள். கொய்யாவை அறுத்ததுபோல நுனி தட்டையாக, சிவப்பாக இருந்தது.

"வலிக்கா?"

"இல்ல பிள்ளே. மணலு."

"என்ன மணலு?"

"கையில மணலு தட்டுது. சுடுகு."

நான் ஒரு செம்பு தண்ணீரை நீட்டினேன். விரலை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "இப்பவும் மணலுதான்" என்றாள். சற்றுப் பொறுத்து, "இப்போ கயிறு" என்றாள். அப்புறம், "இரும்பு, ஏதோ குழாய் மாதிரி." அப்புறம் அவள் முகத்தில் எட்டு வருடமாக நான் பார்க்காத ஒன்று வந்தது. "மக்களே, இது உங்க அப்பாவுக்க கையாக்கும்."

"அது எப்படித் தெரியும் உனக்கு?"

"அவரு எந்தச் சாமானத்தையும் எடுக்கதுக்கு முன்னால பெருவிரலால ரெண்டு தட்டு தட்டுவாரு. பதிமூணு வருசம் அந்தக் கையோட குடும்பம் நடத்துனவளுக்குத் தெரியாதா?"

அப்பா பொன்சிங் வளைகுடா வேலைக்காகச் சலாலாவுக்குப் போனபோது எனக்குப் பதினோரு வயது. இரண்டு வருடம் வெள்ளிக்கிழமை தவறாமல் போன் வந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லை, அதன் பிறகு எட்டு வருடத்து வெள்ளிக்கிழமைகளில் ஒன்றிலும் வரவில்லை. வேலை பார்த்த இடத்தில் கேட்டால் விட்டுப் போய்விட்டார் என்றார்கள். ஆத்துமாவுக்காக ஜெபிக்கலாம் என்றார் பாஸ்டர். அங்கே வேறு குடும்பம் இருக்கும் என்றார் மாமா. அம்மா அழவும் இல்லை, திட்டவும் இல்லை. அவள் காத்திருந்தாள், அதை ஒரு முழுநேர உத்தியோகத்தைப் போலச் செய்தாள். அவள் போன் எப்போதும் சார்ஜில் இருந்தது, எப்போதும் சும்மா இருந்தது. நான் எங்கிருந்து கூப்பிட்டாலும் இரண்டாவது நிமிடத்தில், "வை மக்களே, லைன் ஃப்ரீயா கெடக்கட்டு" என்பாள். நான் கோபக்காரி என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்தை எட்டு வருடம் கேட்டுவிட்டு வந்து என்னோடு பேசலாம்.

ஊர் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட ஊருக்கு எங்கே நேரம்? வீட்டுக்கொருவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர் அது. பிள்ளை பிறந்ததையும் அப்பன் செத்ததையும் கையகலக் கண்ணாடியில் பார்த்துப் பழகியவர்களுக்கு, ஒரு கட்டைவிரல் கூடுதலாக ஒரு சேதி சொல்வதில் என்ன அதிசயம்? ரோஸ்லெட் அத்தை மத்தியானம் வந்தாள், விரலைத் திருப்பிப் பார்த்தாள், "கொள்ளாமே மைனி, உனக்கு விசா கெடச்சாச்சு" என்றாள், கருவேப்பிலை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு நடந்தது திருவிழாவைப் போல நடக்கவில்லை, குழாயடி வரிசையைப் போல, சத்தமில்லாமல், அவரவர் முறைக்கு அவரவர் என்று நடந்தது. கனகபாய் பீட்ரூட் சீவும்போது, தெரியாமல் வெட்டுப்பட்டதாகத்தான் சொன்னாள். அவள் விரலில் ஒரு லாரியின் ஸ்டீயரிங் சுழன்றது, இரண்டு நாள் அவளுக்குத் தலைசுற்றல். ஒருத்தி முள்ளங்கியில், ஒருத்தி வெள்ளரியில், ஒருத்தி உருளைக்கிழங்கில்; வெட்டின சீவல்கள் எல்லாம் ஜன்னல் வழியே எழும்பி, வெயிலில் ஈசல் இறகுபோல மின்னிக்கொண்டு, பலாமரங்களைத் தாண்டி மேற்கே போயின. ஒரு தாய்க்கு மூன்று நாள் தொடர்ந்து படுக்கை விரிப்பு மட்டுமே தட்டியது, நான்காம் நாள் மகன் ஆஸ்பத்திரியில் இருக்கும் சேதி வந்தபோது அவள் முன்பே அழுது முடித்திருந்தாள். கோயிலில் அசனம் என்கிற சபை விருந்துக்குக் காய் நறுக்கப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கும்போது, திடீரென்று ஒருத்தியின் விரல் வெதுவெதுப்பாகி அவள் தனக்குள்ளே சிரிப்பாள், மற்றவர்கள் குனிந்து கத்தரிக்காயைப் பார்த்துக்கொள்வார்கள். கேட்கக்கூடாது என்பது பத்து நாளில் ஊர் வழக்கமாகிவிட்டது. அது அந்த நாடுகளில் விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைகளில் இன்னும் கண்டிப்பான வழக்கம்.

ரேஷன் கடையின் கைரேகை எந்திரம் மட்டும் எங்கள் பெண்களை ஏற்க மறுத்தது. விரலை வைத்தால் சிவப்பு விளக்கு எரியும். "என்ன சொல்லுது அண்ணாச்சி?" என்று கேட்டதற்கு விற்பனையாளர் கையை விரித்தார். "வேற என்ன? தோஹாவுல போயி அரிசி வாங்கிக்கச் சொல்லுது" என்றாள் ரோஸ்லெட் அத்தை. வரிசையே சிரித்தது. கல்யாணத் தரகர்கள் பெண் பார்க்க வந்தால், எதற்கும் இருக்கட்டும் என்று, காப்பி டம்ளரைப் பிடித்திருக்கும் விரலை ஒரு பார்வை பார்த்தார்கள். இதற்குக் கோபப்படாதவளை நான் படித்தவள் என்று சொல்ல மாட்டேன்.

சேதி கடலைத் தாண்டிப் போனது. அந்த வாரம் எங்கள் பெண்கள் எல்லாருக்கும் துணி தட்டியது. காலையில் துணி, மத்தியானம் துணி, சாயங்காலம் துணி. பாறையும் துணி, ரொட்டியும் துணி, உலகமே பருத்தியில் நெய்ததுபோல இருந்தது. என்ன இது என்று யோசித்துக் கடைசியில் கனகபாய்தான் கண்டுபிடித்தாள்: "சவங்க எல்லாம் கையுறை வாங்கிப் போட்டிருக்கு!"

துணி தட்டாதது அம்மாவுக்கு மட்டும்தான். ஊரிலிருந்து போய் சேதி சொல்ல அப்பாவுக்கு யார் இருக்கிறார்கள்?

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டி கூடியது. கமிட்டியில் ஒன்பது பேர், ஒன்பதும் மீசை. இனிமேல் சீவுகட்டையைப் பிடி வைத்து மட்டுமே பயன்படுத்த வேண்டும், மீறினால் அசனத்தில் காய் நறுக்க அனுமதி இல்லை என்று தீர்மானம் வாசித்தார் செயலாளர். நான் எழுந்தேன்.

"பிடி வெச்சுச் சீவணும்னு சொல்லுத ஒன்பது பேருல, ஒரு நாளாவது ஒரு முள்ளங்கி சீவுனவங்க யாரு?"

"பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது" என்றார் செயலாளர்.

"வாய் இங்கதான் இருக்கு. விரலுதான் ஊரு விட்டுப் போகுது. அந்தப் பக்கம் நூத்துக்கணக்குல ஆம்பிளைங்க இருக்காங்க; பொண்டாட்டிக்க கை இப்போ எதுல இருக்குன்னு தெரிஞ்சுக்கிட ஒருத்தராவது ஒரு வெள்ளரிக்காய எடுத்தாங்களா?"

பாஸ்டர் நல்ல மனிதர், யோசித்துத்தான் பதில் சொன்னார். "மகளே, அவங்க அங்க மெஸ்ஸுல சாப்பிடுறாங்க."

பெண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். தீர்மானம் நிறைவேறியது, ஒருத்தியும் பிடியைத் தேடவில்லை.

ரோஸ்லெட் அத்தையின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. அவள் வீட்டுக்காரர் எங்கேயும் போகாதவர். மின்வாரியத்தில் ஓய்வு பெற்று, முன்னறையில் டிவிக்கு முன்னால் ஆறு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். எல்லாருக்கும் ஒன்று தட்டும்போது தனக்கு மட்டும் ஒன்றும் தட்டாமல் இருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு சுரைக்காயை எடுத்தாள், வெட்டிக்கொண்டாள். சீவல் எழும்பவில்லை. அடுப்படி வாசலைத் தரையோடு தரையாகத் தாண்டி, முன்னறைக்குள் போய் விழுந்தது. ரப்பர் பொத்தான்கள் தட்டின. அவள் வந்து எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து, "எனக்க மனுசனாக்கும் மைனி. ரிமோட்ட அமுக்கிட்டு இருக்காரு. இந்த எளவுக்கா நான் வெரல வெட்டுனேன்?" என்று சிரித்தாள், சிரித்துச் சிரித்து, முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, வெகுநேரம் எடுக்காமல் இருந்தாள்.

இதெல்லாம் ஊர்க்கதை. என் கதை வேறு, அது தோல் வளர்கிற கதை. வெட்டின நுனியில் பத்தொன்பது நாளில் புதுத்தோல் மூடும். மூட மூட, அந்தப் பக்கத்து மணல் திரைக்குப் பின்னால் போனதுபோல மங்கி, இந்தப் பக்கத்துச் செம்பும் கரண்டியும் தட்டத் தொடங்கும். மற்ற பெண்களில் பலர் ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டார்கள்; அவர்களுக்கு போன் வருகிறது, லீவுக்கு ஆள் வருகிறது. அம்மாவுக்கு வேறு என்ன வருகிறது? இருபதாம் நாள் அவள் மறுபடியும் வெட்டினாள். அப்புறம் மறுபடியும். ஐந்தாவது வெட்டுக்குப் பிறகு நான் அவளை இழுத்துக்கொண்டு போய்க் காட்டியபோது டாக்டர், "இன்னும் ரெண்டு தடவ இப்படி வெட்டினா எலும்பு தட்டும்மா, அப்புறம் விரலையே எடுக்க வேண்டியதுதான்" என்றார். அம்மா தலையை ஆட்டினாள். அவள் விரல் அந்த நேரம் வேறு எதையோ தொட்டுக்கொண்டிருந்தது, அவளும் அங்கேதான் இருந்தாள். அந்த விரலுக்குக் கொதிக்கிற பாத்திரம் சுடாது, ஆணி குத்தாது. இட்லிக் கொப்பரை மூடியை வெறும் விரலால் தூக்கிவிட்டு, கொப்புளம் வந்தபிறகு கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு அடுப்படிப் பலகையில் உட்காருவாள். அந்த நேரத்தில்தான் அது தட்டும்: மெத்தென்று, கொஞ்சம் ஈரமாக, மயிரோடு. அவர் கை அதன் மேல் மெதுவாகப் போய் வரும், பத்து தடவை, பதினைந்து தடவை.

"பிள்ளைக்க தலை" என்றேன் நான்.

"பூனையா இருக்கும்."

"பூனைய எவனாவது தினமும் அஞ்சு மணிக்குக் குளிப்பாட்டுவானா? பிள்ளையாக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து குளிச்ச பிள்ளை. அவருக்கு அங்க ஒரு வீடு இருக்கு, மாமா சொன்னது சரி."

"அவருக்குப் பூனையின்னா உயிரு."

"எந்தக் காலத்துல? நம்ம வீட்டுப் பூனைய வெளக்குமாறால விரட்டுனவரு."

"ஆளு மாறக்கூடாதா?"

"மாறியிருக்காரும்மா. அதத்தான் நானும் சொல்லுதேன்!"

நான் ஊருக்கு வரும்போதெல்லாம் இப்படி, மாதக்கணக்கில். அவளுக்குப் பூனை, எனக்குப் பிள்ளை. நான் ஜெயித்தால் அவள் வெட்டுவதை நிறுத்துவாள் என்று நம்பினேன். ஒரு விரலுக்காக, நான் என் அப்பாவை அயோக்கியனாக்கத் தயாராக இருந்தேன். ஆனால் சாட்சி ஒன்றே ஒன்றுதான், அதுவும் அவர் பக்கத்துச் சாட்சி. வழக்கு நிற்க வேண்டுமென்றால் இரண்டாவது விரல் வேண்டும்.

ஆறாவது வெட்டுக்குப் பிறகு, ஒரு திங்கட்கிழமை, சீவுகட்டையை என் பைக்குள் துணிகளுக்கு நடுவே ஒளித்து எடுத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனேன். விடுதி அறையில், நடுப்பகலில், அறைத்தோழிகள் வகுப்புக்குப் போனபிறகு, ஒரு கேரட்டை வைத்துத் தள்ளினேன். என் அப்பா என் வழக்கின் முதல் குற்றவாளி. எட்டு வருடம் நான் அவரோடு மனதுக்குள் சண்டை போட்டிருக்கிறேன், தூக்கத்தில் அவரைக் குறுக்குவிசாரணை செய்திருக்கிறேன். என் விரல் வேறு எங்கே போகும்? சீவல் எழும்பியது, ஜன்னலுக்கு வெளியே ஒரு நிமிடம் தயங்கியது, பிறகு தெற்கே போனது. காற்று தப்பாக அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் ஈரத்துணி தட்டியது. அப்புறம் ஓலைவிளக்குமாற்றின் கட்டு. அப்புறம் மாவு. சமையல் வேலை கிடைத்திருக்கிறது போல என்று நோட்டுப் புத்தகத்தில் நேரம் போட்டு எழுதினேன். ஏதோ பயங்கரமாகச் சுட்டது, நான் கத்திவிட்டேன், ஆனால் அந்தப் பக்கத்துக் கை அதை விடவே இல்லை, சாவகாசமாகத் தூக்கி, சாவகாசமாக இறக்கி வைத்தது. எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். வாதாடத் தெரிந்தவளுக்குப் புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே.

ஐந்து மணிக்கு நான் பேனாவோடு தயாராக உட்கார்ந்தேன். ஐந்தானது. மயிர் தட்டவில்லை. துவைத்து உலர்ந்த ஒரு துண்டு தட்டியது. கட்டைவிரல் அதன் ஓரத்தைத் தேடிப் போனது, மடிப்பைக் கடந்தது, மூலையில் நூலால் தைத்திருந்த ஒரு எழுத்தின் மேல் நின்றது. ஒரு கொம்பு, ஒரு சுழி, ஒரு கட்டம். விடுதிச் சலவையில் துணி மாறாமல் இருக்க நானே சிவப்பு நூலில் கோணலாகத் தைத்த 'பெ', பெனிட்டாவின் 'பெ'. ஊரில் கொடியில் நான் மறந்துவிட்டு வந்த துண்டு. விரல் அந்த எழுத்தின் மேல் மெதுவாகப் போய் வந்தது, பத்து தடவை, பதினைந்து தடவை. ஒன்றும் தெரியாத விரல், அவளுக்கு இங்கே எதுவுமே தட்டாத விரல், அதைக் கொண்டுதான் அவள் தடவிக்கொண்டிருந்தாள்; அந்த நேரத்தில் அவளுக்குத் தட்டிக்கொண்டிருந்தது சலாலாவின் பூனை. ஆனாலும் கை இங்கே, துண்டின் மேலே இருந்தது.

நோட்டை மூடி வைத்தேன். நான்கு நாள் வகுப்புக்குப் போகவில்லை. நான் தேடியது யாரை என்று என் விரலுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. பதின்மூன்று வயதிலிருந்து நான் சண்டை போட்டதெல்லாம், ஒரே வீட்டில், ஒரே தட்டில் சோறு போட்டுக்கொண்டு, மேற்கே பார்த்துக்கொண்டு நின்ற அந்த ஒருத்தியைத் திருப்பத்தானா? நான்கு நாளும் கட்டிலில் படுத்து, அம்மா கோலப்பொடி எடுப்பதை, தேங்காய் துருவுவதை, வேதப்புத்தகத்தின் மெல்லிய தாளைப் புரட்டுவதை, போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பதை விரலில் வாங்கிக்கொண்டிருந்தேன். யாரும் எனக்கு இவ்வளவு நேரம் லைன் கொடுத்ததில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அட்டைப்பெட்டி தட்டியது. புது அட்டை, வழுவழுப்பு. பிசின்நாடா கிழிந்தது. பலகை. தகட்டின் குளிர். கட்டைவிரல் கூர்முனையின் மேல் பக்கவாட்டில் ஒரு தடவை, மெதுவாகப் போனது.

போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விரலில் ஏத்தங்காய்த் தோல் தட்டியது, அதன் பிசுபிசுப்பான கறை தட்டியது; கறைக் கையோடு அவள் போனைத் தொட மாட்டாள். ரோஸ்லெட் அத்தையைக் கூப்பிட்டேன். "நான் வெட்டூர்ணிமடத்துல ஒரு கல்யாண வீட்டுல நிக்கேன், பிள்ளே, என்ன?" என்றாள். செருப்பைக்கூட மாற்றாமல் ஓடி பஸ் ஏறினேன்.

அந்தப் பஸ் பிரயாணத்தை நான் யாருக்கும் விதிக்க மாட்டேன். என் கை முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தது, விரல் கம்பியை அறியவில்லை. நாங்குநேரி தாண்டும்வரை தோல் உரிந்துகொண்டிருந்தது; நிறையக் காய் வாங்கியிருக்கிறாள். வள்ளியூரில் அவள் கையைக் கழுவித் துடைத்தாள், நான் மூச்சு விட்டேன், மறுபடியும் கூப்பிட்டேன், அவள் அடுப்புப் பற்றவைக்கப் போய்விட்டாள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்க, முதல் தள்ளு தட்டியது. வழவழப்பான சதை விரலுக்கடியில் முன்னே போனது, பின்னே வந்தது, முன்னே போனது, பின்னே வந்தது. நான்கு விரல் அளவு. இரண்டு விரல் அளவு. ஒரு காய் முடிந்தது, வெட்டுப்படவில்லை. இரண்டாவது காய். டிரைவரிடம் சீக்கிரம் போங்கள் என்றேன். முன்னால போறது லாரி, நான் என்ன பறக்கவா என்றார். நியாயமான கேள்வி. மூன்றாவது காய் துண்டாகி, துண்டு வில்லையாகி, தகட்டின் குளிர் கட்டைவிரலின் ஓரத்தைத் தொட்டது. தொட்டபடியே நின்றது. அங்கேயே, போகாமல், வராமல், நான் நாகர்கோவிலில் இறங்கி ஆட்டோ பிடித்து சரல்விளைக்கு வருகிறவரைக்கும் அங்கேயே நின்றது.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. அம்மா பலகையில் உட்கார்ந்து, சீவுகட்டையின் மேல் கையை வைத்தபடி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முதலில் அடுப்பை அணைத்தேன்.

"நீ என்னத்துக்கு இப்போ வந்தா?"

"கைய எடு."

"மங்கிப் போச்சு மக்களே. நேத்துலேருந்து ஒண்ணும் சரியாத் தட்டல்ல. இந்த ஒரு தடவ."

"எலும்பு தட்டும்னு டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

அவள் என் கையைப் பார்த்துவிட்டாள். எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள். அவள் முகம் முதலில் வெளுத்தது, பிறகு, ஐயோ, பிறகு மலர்ந்தது. "நீயும் வெட்டுனியா? சொல்லு பிள்ளே, அவரு என்ன செய்யாரு? உனக்கு நல்லாத் தட்டுதா? அது பூனைதானே?"

எத்தனை மாதத்து வாதம் என்னிடம் இருந்தது. பிள்ளை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு சாட்சி, வழக்கு முடிந்தது. அவள் அந்த நிமிடமே சீவுகட்டையைத் தூக்கி எறிந்திருப்பாள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக வாதாட எனக்கு மனம் வரவில்லை.

"அப்பாவத் தெரியல்லம்மா" என்றேன். "எனக்கு நீதான் தட்டுனா."

அவளுக்குப் புரியவில்லை.

"திங்கட்கிழமை நீ இட்லிக் கொப்பரையத் தூக்குனா, நான் அங்க கத்துனேன். செவ்வாய்க்கிழமை தேங்கா துருவுனா. தினமும் அஞ்சு மணிக்கு எனக்க துண்டத் தொட்டுட்டு இருந்தா."

"துண்டையா?" என்றாள். தான் அதைச் செய்தது அவளுக்கே தெரியாது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், யாரோ வெளிநாட்டிலிருந்து வந்து வாசலில் நிற்பதுபோல. பிறகு வலது கையைத் தூக்கி என் கன்னத்தில் வைத்தாள். அந்தக் கணம் என் கட்டைவிரலில் என் கன்னம் தட்டியது: சூடாக, வேர்வையும் பஸ் புழுதியுமாக, தாடை எலும்பு இத்தனை சின்னதாக. நான் அவளுக்கு இப்படித்தான் இருப்பேனா என்று நினைத்தேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியல்ல மக்களே" என்றாள் அவள். "எனக்க கை உன்மேலதான் இருக்கு. ஆனா எனக்கு அங்க ஏதோ கயிறுதான் தட்டுது, தூரத்துல."

"எனக்குத் தெரியுது. சொல்லட்டா? சுடுது. கொஞ்சம் ஈரமா இருக்கு. நடுங்குது."

"அழுதியா?"

"இல்ல."

அவள் மேற்கே ஜன்னலைப் பார்த்தாள். அந்தக் கயிறு அவள் விரலில் மெல்ல மெல்ல மங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அதை முழுசாக விட்டுவிடுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் நான் அந்தக் கைக்குக் கன்னம் கொடுத்து நின்றேன். பிறகு அவள் அந்தக் கையை என் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டு, இடது கையை வைத்தாள். என் கட்டைவிரலில் ஒன்றும் தட்டவில்லை. கன்னத்தில் மட்டும், கறை பிடித்து, சொரசொரப்பாக, என் அம்மாவின் கை இருந்தது.

"நீ பொய் சொல்லுகா" என்றாள். "அழுதிருக்கா."